மேல்கோடும் கீழ்கோடும் சேர்ந்தே மறைந்தன

என்னிடம் இருப்பது மாமா கட்டியிருந்த காசியோ எஃப்-91டபிள்யூ, எண்களில் நேரம் காட்டும் கைக்கடிகாரம். 1989இல் வந்த மாதிரி. சென்ற மாதம் பேட்டரி மாற்ற உட்கார்ந்தேன். பின்மூடியின் நான்கு திருகாணிகளைக் கழற்றி சிஆர் 2016 பேட்டரியை மட்டும் மாற்றியிருந்தால் ஐந்து நிமிட வேலை. கை சும்மா இருக்குமா? தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று உள்ளிருந்த பலகையையும் தூக்கிவிட்டேன்.

மூடிப் பார்த்தால், எல்லா எண்களிலும் சில கோடுகள் மறைந்தும் மங்கியும் கிடந்தன. எண்களைக் காட்டும் எல்சிடி கண்ணாடி போயிற்று என்றே நினைத்தேன். உண்மையில் கண்ணாடிக்கு ஒன்றுமில்லை. அதன் ஒரு பக்கத்தில் 24 மின்முனைகள், எதிர்ப்பக்கத்தில் 3 பொது முனைகள். இரண்டும் சந்திக்கும் இடம்தான் கோடாகத் தெரியும்; அந்த 72 இடங்களுக்கு 27 இணைப்புகளே போதும். கோட்டுக்கு ஒரு கம்பி என்றால் அந்தச் சிறு கண்ணாடியின் ஓரம் தாங்காது. அதனால் ஒரு பொது முனை தொடர்பிழந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கண்ணாடியையும் பலகையையும் இணைக்கும் ஜீப்ரா ரப்பர் சற்றே சாய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

நிமிர்த்தி வைத்தேன். எல்லாம் வந்தன, நிமிடத்தின் பத்தாமிடத்தில் மட்டும் மேல்கோடும் கீழ்கோடும் சேர்ந்தே இல்லை. இதென்ன கூட்டு? தாளில் 0 முதல் 5 வரை எழுதிப் பார்த்தேன். 1, 4 இரண்டுக்கும் அவ்விரு கோடுகளும் வேண்டாம்; மற்ற நான்குக்கும் இரண்டும் வேண்டும். தனித்தனியாக எரிய வேண்டிய நேரமே இல்லை என்பதால் கண்ணாடியிலேயே ஒன்றாக முடிந்துவிட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் 7 எழுத முடியாது. எழுபதாவது நிமிடம் யாருக்கு வேண்டும்! ரப்பரின் அடியில் ஒரு தலைமுடி. என்னுடையதுதான்.

---

மேலே எழுதியவருக்குத் தலைமுடி; இதைப் படித்த எனக்கு வேறு விதமான அடி. பழைய கடிகாரத்தின் மூன்று பொதுமுனைக் கண்ணாடியை நானே செய்த சுற்றில் ஓட்டினேன். வெளிறித் தெரிகிறதே என்று மின்னழுத்தத்தை ஏற்றினேன்; அணைந்திருக்க வேண்டிய கோடுகளும் நிழலாக எழுந்து, எல்லா எண்ணும் 8 ஆயின. அணைந்த கோட்டுக்கும் கொஞ்சம் அழுத்தம் போய்க்கொண்டேதான் இருக்கும். மூன்று பொது முனைகளுக்கு, எரிவதற்கும் அணைந்ததற்கும் இடையே அதிகபட்சம் சுமார் 1.93 மடங்கு வேறுபாடுதான் கிடைக்கும். அந்த இடுக்கில் நிறுத்த ஒரு மாலை முழுவதும் திருகிக்கொண்டிருந்தேன். மேசையில் சரியாக இருந்தது, கையில் கட்டிச் சாய்த்துப் பார்த்தால் மறுபடியும் 8.