பாஸ்போர்ட் பெட்டிக்குள், பூட்டு திறக்கவில்லை

என் தங்கையும் சித்தி மகளும் முதல்முறையாகத் தனியாக வெளிநாடு போயிருக்கிறார்கள். செங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரம் போய் விமானம் ஏறி, நேற்று கோலாலம்பூரில் இறங்கினார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று இரண்டு பாஸ்போர்ட்டையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இப்போது திறக்கவில்லை.

ஜிப் வைத்த பெட்டி, மூன்று எண் பூட்டு, பக்கத்தில் டிஎஸ்ஏ 007 சாவித் துளை (டிஎஸ்ஏ என்பது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை; சோதனை அதிகாரிகள் பெட்டியைத் திறப்பதற்கான துளை இது). அந்தச் சாவி நம் கைக்கு வராது. பழைய எண் 417. மூடும்போது ரீசெட் பொத்தான் அழுந்தி எண் மாறியிருக்கலாம். 000 முதல் 999 வரை ராத்திரி உட்கார்ந்து மாறி மாறிப் போட்டுப் பார்த்துவிட்டார்கள், பாவம். விடுதிக்காரர் ஜிப்பைப் பிளக்கச் சொல்கிறார். வேறு பெட்டி இல்லை, நாளை பினாங்கு போக வேண்டும். அம்மா வேறு இங்கே அழுகிறார்.

பெட்டியை உடைக்காமல் இந்தப் பூட்டைத் திறக்க என்ன வழி?