முக்தி மோர்ச்சாவைத் தொடங்கியவர் சிபு சோரன் ஒருவர்தானா?

ஆவணப்பித்தன்:
2025 ஆகஸ்டில் மறைந்த சிபு சோரனுக்கு அஞ்சலியாக நண்பர் மலைச்சாரல் எழுதிய குறிப்பில், “ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவைத் தனியொருவராகத் தொடங்கிய சந்தால் பழங்குடித் தலைவர்” என்ற வரியைக் கண்டு திகைத்தேன். சுரங்க நகரான தன்பாத்தில் அக்கட்சி தோன்றியபோது தலைவராகப் பொறுப்பேற்றவர் வழக்கறிஞர் வினோத் பிகாரி மஹதோ; சோரன் பொதுச் செயலாளர். சிந்திரியில் பொறியாளராக இருந்து தொழிற்சங்கத்துக்கு வந்த மார்க்சியர் ஏ. கே. ராய் மூன்றாமவர். மூவர் சேர்ந்து உழுத நிலத்தை ஒருவர் பெயருக்குப் பட்டா எழுதிக் கொடுக்கத் தங்களுக்கு யார் அதிகாரம் தந்தார்கள்?

மலைச்சாரல்:
பதவிப் பலகையைப் பார்த்து வரலாறு எழுதுகிறவருக்குச் சோரன் பிறந்த நெமரா கிராமம் எங்கே தெரியப்போகிறது? பள்ளி ஆசிரியரான தந்தை சோபரன் சோரன் 1957இல் வட்டிக்காரர்களின் ஆட்களால் கொல்லப்பட்டபோது சிபுவுக்கு வயது பதின்மூன்று. அந்த வட்டிக்காரர்கள் பறித்துக்கொண்ட வயல்களில்தான் பிற்காலத்தில் அவர் நெல் அறுப்புப் போராட்டத்தை நடத்தினார். முரசு ஒலித்ததும் ஊர் திரளும். ஆண்கள் வில் அம்புடன் வரப்பில் காவல் நிற்க, பெண்கள் அரிவாளுடன் இறங்கி விளைந்த கதிரை அறுத்துச் செல்வார்கள். தன்பாத் பக்கத்துத் துண்டியில் ஆசிரமம் அமைத்து, இரவுப் பள்ளி நடத்தி, சாராயத்தை விடச் சொன்னவரும் அவரே. சந்தால் மக்கள் அவரைத் திஷோம் குரு, அதாவது நாட்டின் குரு, என்று அழைத்தது பொதுச் செயலாளர் பதவிக்காக அல்ல.

ஆவணப்பித்தன்:
நான் கேட்டது அரிவாளைப் பற்றியன்று, முதல் தலைவரைப் பற்றி. மஹதோ தலைவர், சோரன் பொதுச் செயலாளர். இதற்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் விடையளிக்கலாமே.

நடுவழியான்:
இருவரும் ஆண்டைச் சொல்லவே இல்லை. சிலர் 1972 என்கிறார்கள், சிலர் 1973 என்கிறார்கள். பிப்ரவரி 4 என்பதில் மட்டும் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். தும்காவிலோ கட்சிக்காரர்கள் பிப்ரவரி 2ஆம் நாளை விழாவாகக் கொண்டாடுகிறார்கள். முதலில் இதைத் தீர்த்துவிட்டுத் தலைவருக்கு வரலாம்.

ஆவணப்பித்தன்:
ஐயா, எந்த ஆண்டாக இருந்தாலும் தலைவர் மஹதோதான். தங்கள் நாட்காட்டியால் அது மாறிவிடாது. “படி, போராடு” என்று முழங்கிய அந்த மனிதரை ஒரு வரியில்கூட நினைவுகூராத அஞ்சலிக்கு இங்கே இத்தனை கைத்தட்டல் என்பதுதான் வேதனை. பின்னாளில் கட்சித் தலைவராக இருந்த நிர்மல் மஹதோ 1987இல் ஜம்ஷெட்பூரில் கொல்லப்பட்ட பிறகுதான் சோரன் கட்சித் தலைவர் நாற்காலிக்கு வந்தார் என்பதையாவது அறிவீர்களா?

செங்கதிர்:
யார் தொடங்கினால் என்ன? 1993இல் நரசிம்ம ராவ் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை 251க்கு 265 என்ற கணக்கில் முறியடித்தபோது, பணம் பெற்றுக்கொண்டு வாக்களித்ததாக முக்தி மோர்ச்சா உறுப்பினர்கள் மீது வழக்கு வந்ததே, அதைப் பற்றி இருவருமே மூச்சுவிடவில்லை. நாடாளுமன்றச் சிறப்புரிமை என்ற பெயரில் 1998இல் அவர்களைக் காத்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை 2024இல் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு தள்ளிவிட்டது. அஞ்சலிக் குறிப்பில் இதற்கும் இடம் இருந்திருக்க வேண்டும்.

மலைச்சாரல்:
வந்துவிட்டார். பழங்குடிப் போராளி பிர்சா முண்டா பற்றிய இழையிலும் இப்படித்தான் நடுவில் புகுந்து திசைதிருப்பினார்; அதை நான் இன்னும் மறக்கவில்லை. தும்காவிலிருந்து எட்டு முறை மக்களவைக்குச் சென்றவரை ஒரு வாக்கெடுப்பைக் கொண்டா அளப்பது?

செங்கதிர்:
1984இலும் 1998இலும் 2019இலும் அதே தும்காவில் தோற்றதையும் சேர்த்தே அளக்கிறேன். 2005இல் பத்தே நாளில் முடிந்த முதல்வர் பதவியும் கணக்கில் உண்டு. பிர்சா இழையில் நான் கேட்ட கேள்விக்கும் தாங்கள் இன்றுவரை விடையளிக்கவில்லை.

ஆவணப்பித்தன்:
தேர்தல் கணக்கைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பேசப்படுவது ஒன்றே ஒன்று: முதல் தலைவர் யார்? மலைச்சாரல் எனக்கு எழுதிய ஒரே மறுமொழியிலும் மஹதோவின் பெயர் இல்லை. தன்பாத்தில் மூன்று முறை நாடாளுமன்றத் தேர்தலில் வென்ற ராயின் பெயரும் இல்லை. சோரனைச் சிறுமைப்படுத்துவதாக என்மீது பழி வரும் என்று தெரிந்தே சொல்கிறேன்: குர்மி சமூக உழவர்களையும் சுரங்கத் தொழிலாளர்களையும் திரட்டித் தந்த அந்த இருவர் இல்லையென்றால், சந்தால் கிராமங்களுக்கு வெளியே அந்தக் கட்சி கால் ஊன்றியிருக்காது.

மலைச்சாரல்:
வெளியே ஊன்றியது இருக்கட்டும். உள்ளே வேர்விட்டது யாரால்? ராய் தம் வழியில் போனார், மஹதோவும் ஒரு கட்டத்தில் விலகி நின்றார், கட்சி யாரிடம் நிலைத்தது என்பது ஊரறிந்தது. என் வரியில் ஓர் எழுத்தையும் மாற்றப்போவதில்லை.

ஆவணப்பித்தன்:
நிலைத்தது யாரிடம் என்று நான் கேட்கவே இல்லை. தொடங்கியபோது தலைவர் யார்? மறுபடியும் கேட்கிறேன்.

நடுவழியான்:
1972ஆ, 1973ஆ என்று நான் கேட்டதும் அப்படியே கிடக்கிறது.