ஈசிஆரில் எங்கே நிறுத்துவது: மாமல்லபுரத்துக்கு முன்னாலா, பின்னாலா?

வேளச்சேரிக்காரன்: சனிக்கிழமை காரில் புதுச்சேரி போகிறோம். நான், மனைவி, ஆறு வயதுப் பையன், அம்மா. திண்டிவனம் வழியை விட்டுவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று ஈசிஆர், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலை, முடிவாகிவிட்டது. மூன்று இடத்துக்கு மேல் வண்டியை நிறுத்த மாட்டேன். எந்த மூன்று?

கழிமுகம்: கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று யார் சொன்னது சார்? திருவான்மியூர் தாண்டினால் உத்தண்டி வரைக்கும் கடை, மதில் சுவர், கல்யாண மண்டபம். அப்புறம் ரிசார்ட் கேட்டுகள். பெயரில்தான் கடற்கரை. சாலையிலிருந்தே கண் நிறையத் தண்ணீர் தெரிவது முட்டுக்காடு பாலத்தில், அதுவும் கடல் இல்லை, உப்பங்கழி. என்னைக் கேட்டால் இந்தச் சாலையின் அழகே கழியும் உப்பளமும்தான். அவை மாமல்லபுரத்துக்குத் தெற்கேதான் விரியும். சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை, மரக்காணம். மூன்று ஆயிற்று.

இரண்டு வால்களின் அம்மா: ஆறு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு இதுவா யோசனை? போன மே மாதம் நாங்கள் ஆலம்பரைக்குப் போனபோது மணி பன்னிரண்டு. இடிந்த செங்கல் சுவர், சுடுமணல், ஒதுங்க நிழல் இல்லை. சின்னவள் அழுத அழுகையில் கோட்டையை யார் பார்த்தது! வடநெம்மேலி முதலைப் பண்ணையில் நிறுத்துங்கள் சார். 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் ஆரம்பித்தது. மரநிழல் உண்டு, கழிப்பறை உண்டு. இருளர்கள் பாம்பு விஷம் எடுப்பதையும் காட்டுவார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து செய்கிறார்கள் என்று சொன்னதும் என் பையன் வாய் மூடவே இல்லை. திங்களன்று விடுமுறை, உங்களுக்குக் கவலையில்லை. அம்மாவுக்கு முட்டுக்காடு தக்ஷிணசித்ரா அருங்காட்சியகம். பழைய செட்டிநாட்டு வீட்டையே பிரித்துக் கொண்டுவந்து கட்டி வைத்திருக்கிறார்கள், திண்ணையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது.

கழிமுகம்: அக்கா, பன்னிரண்டு மணிக்கு, அதுவும் மே மாதம் போய்விட்டுக் கோட்டையைக் குறை சொன்னால் எப்படி? நீங்கள் சொல்கிற இரண்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டிலிருந்து கிளம்பிப் போய்விட்டு வரலாம். புதுச்சேரி போகிற அன்றைக்கு எதற்கு? கடப்பாக்கத்தில் இடது பக்கம் திரும்பினால் கொஞ்ச தூரத்தில் ஆலம்பரை. அந்தக் காலத்தில் துறைமுகம், நாணயச் சாலை கூட இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்ததை 1760இல் ஆங்கிலேயர் இடித்தார்கள். உடைந்த மதில் ஓரமாக நின்றால் முன்னால் கழி, அதற்கு அந்தப் பக்கம் மணல்திட்டு, அதற்கும் அப்பால் கடல். மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். காலை ஏழரைக்கு நின்றால் மீனவர் படகில் கழியைக் கடந்து போய் மணல்திட்டிலேயே இறங்கலாம்.

புல்லட் பயணி: ஏழரைக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் வேளச்சேரியில் ஐந்துக்கெல்லாம் கிளம்ப வேண்டும், வழியில் டீக்குக் கூட நிறுத்தாமல். ஆறு வயதுப் பையனோடு! நடக்கிற கதையா பாஸ்? தவிர, தெற்கே பல இடங்களில் சாலையை அகலப்படுத்தும் வேலை, மாற்றுப்பாதை, புழுதி. பாலத்து மேல் நிறுத்திப் படம் பிடிக்கிற ஆசையை மட்டும் யாரும் இவருக்குக் கிளப்பிவிடாதீர்கள். முட்டுக்காடு பாலத்தில் பின்னால் வந்த கார் என் பைக்கை உரசிக்கொண்டு போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கழிமுகம்: பாலத்தில் நிறுத்தச் சொன்னேனா? முதலியார்குப்பத்தில் படகுத்துறை இருக்கிறது, உள்ளே வண்டி நிறுத்த இடம் உண்டு. ஓதியூர்க் கழி முழுக்கக் கண் முன்னால். மார்கழி, தை மாதமென்றால் பூநாரைகள் வந்து நிற்கும்.

தொல்லியல் கிறுக்கன்: இரண்டு பேரும் சாளுவன்குப்பத்தைத் தாண்டி ஓடுகிறீர்களே! புலிக்குகையை எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே, 2004 சுனாமிக்குப் பிறகு கல்வெட்டுப் பாறை வெளிப்பட்டு, தோண்டிப் பார்த்தால் முருகன் கோயில். மேலே பல்லவர் காலம், அடியில் அதைவிடப் பழைய செங்கல் கட்டடம், சங்க காலம் என்கிறார்கள். முன்னால் ஒரு கல் வேல். நாற்பது நிமிடம் போதும், சவுக்கு நிழலும் உண்டு.

இரண்டு வால்களின் அம்மா: இது நல்ல யோசனை. ஆனால் மரக்காணம் உப்பளத்தில் பையன் என்ன பார்ப்பான் என்று யாராவது சொல்லுங்களேன்.

கழிமுகம்: தினமும் சாப்பிடுகிற உப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பான், வேறென்ன? மழைக்காலம் முடிந்ததும் பாத்தியைச் சீர் செய்து உப்பு நீர் பாய்ச்சுவார்கள். வெயிலில் நீர் சுண்டச் சுண்ட உப்பு பூக்கும், பலகையால் வாரிக் கரையில் குவிப்பார்கள். காலில் செருப்பில்லாமல் அந்தக் கரிப்பில் நின்று வேலை செய்கிறவர்களை ஒருமுறை பார்த்தவன் தட்டில் உப்பைக் கொட்ட மாட்டான். பாத்திக்குள் இறங்காமல், ஓரமாக நின்று, கேட்டுக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

புல்லட் பயணி: ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கே நிறுத்தினாலும் பையனை அலையில் இறக்காதீர்கள். கோவளத்துக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று (சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குத் தருவது) கிடைத்தது, குளிக்கவென்றே எல்லை கட்டியிருக்கிறார்கள். மற்ற இடங்களில், அதுவும் முகத்துவாரத்துப் பக்கம், இழுப்பு பயங்கரம். நீச்சல் தெரிந்தவர்களையே கொண்டுபோயிருக்கிறது.

வேளச்சேரிக்காரன்: எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். முதலை, கோட்டை, உப்பு எதுவும் அவர் காதில் ஏறவில்லை. "வழியில்தானே திருவிடந்தை? நித்ய கல்யாணப் பெருமாளுக்கு மாலை சாத்தணும், தம்பிக்கு இன்னும் வரன் அமையலை" என்றார். ஆக ஒன்று அங்கே போய்விட்டது. இனி இரண்டுதான் பாக்கி.

கழிமுகம்: வரன் தேடுகிறவர்தானே சார் மாலை போட்டுச் சுற்ற வேண்டும்? தம்பியும் வண்டியில் ஏறுகிறாரா, இல்லையா?