முதுகுத்தண்டு வளைவும் எலும்பு வலிமையும்: அனுபவம் உள்ள பெற்றோர் உதவுங்கள்

வணக்கம். என் மகளுக்கு 12 வயது. ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது; எக்ஸ்ரேயில் வளைவின் அளவு (காப் கோணம்) 28 டிகிரி. எலும்பு முதிர்ச்சியைக் காட்டும் ரிஸ்ஸர் அளவு 0, அதாவது எலும்பு வளர்ச்சி இன்னும் நிறைய பாக்கி. வளைவு வேகமாகக் கூடுவதும் இந்த வயதில்தான் என்பதால் பிரேஸ் (வளைவு கூடாமலிருக்க உடம்பில் அணியும் கவசம்) போடச் சொல்லியிருக்கிறார்கள். சரி, அதற்குத் தயாராகிவிட்டோம்.

என் கவலை எலும்பைப் பற்றி. இந்த வளைவு உள்ள பிள்ளைகளில் கணிசமானவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. வாழ்நாள் முழுக்கத் தாங்கவேண்டிய எலும்பு பெரும்பாலும் பதின்ம வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. இந்த வயதில் தினமும் 1300 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். அவளோ பாலைத் தொடவே மாட்டாள்.

உங்கள் பிள்ளைகளுக்கு எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்களா? அதன் முடிவைப் பார்க்க உயரமும் வேண்டும்; வளைவால் உயரம் குறைந்து தெரியுமே, அதைச் சரிசெய்ய விரித்த கைகளின் நீளத்தை அளந்தார்களா? வைட்டமின் டி அளவை ரத்தத்தில் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை தந்தார்களா? அப்புறம், பிரேஸைக் கழற்றும் நேரத்தில் ஓட்டம், கயிறு தாண்டுதல் எல்லாம் அனுமதித்தார்களா? அவளுக்கு நீச்சல்தான் உயிர், ஆனால் எலும்பை வலுவாக்கும் பாரம் அதில் விழுவதில்லை.

அடுத்த முறை மருத்துவரிடம் எதையெல்லாம் கேட்கவேண்டும் என்று சொன்னாலே பெரிய உதவி.