பழைய பார்சி காரா சேலை: மடிப்பில் கிழிசல், அதே வேலையைப் புதிதாக எடுக்க யோசனை தேவை

நூல்கண்டு_புதுவை

வணக்கம். பார்சி குடும்பம் ஒன்றின் காரா சேலை (சீனப் பாணியில் கையால் பூவேலை செய்த பட்டுச் சேலை) வேலைக்கு வந்திருக்கிறது. அடர் ஊதாப் பட்டு, நாலு பக்கமும் பார்டர், உடல் முழுக்கத் தந்த நிறத்தில் பூவும் கொக்கும். மடிப்பு விழுந்த இடங்களில் துணி நூல்நூலாகப் பிரிகிறது, பூவேலை மட்டும் கெட்டியாக இருக்கிறது.

டார்னிங் (கிழிசலில் குறுக்கும் நெடுக்கும் நூல் ஓட்டி அடைப்பது) கொடுக்கலாமா, இல்லை அடியில் ஃபியூசிங் கேன்வாஸ் (இஸ்திரி போட்டால் ஒட்டும் பசைத்துணி) ஒட்டலாமா? இதே டிசைனை ஆரி (கொக்கி ஊசி எம்பிராய்டரி) தெரிந்த பெண்களை வைத்துப் புதுச் சேலையில் எடுக்க முடியுமா? ஐப்பசி கார்த்திகை ஈரத்தில், கடற்கரைப் பக்க வீட்டில் எப்படி வைப்பது? துவைத்துவிட்டு ஆரம்பிக்கலாமா?

பட்டுப்பெட்டி

துவைக்காதீங்க. டிரை கிளீனிங்குக்கும் அனுப்பாதீங்க. பழைய ஊதா, சிவப்புச் சாயங்கள் பல தண்ணீர் பட்டதும் இளகி வெள்ளைப் பூவுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த பஞ்சை உள் ஓரத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்க. பஞ்சில் நிறம் ஏறினால் ஈரப் பேச்சே வேண்டாம். தூசி எடுக்க, வாக்குவம் கிளீனர் வாயில் நைலான் வலையைக் கட்டி, குறைந்த வேகத்தில், துணியைத் தொடாமல் பிடித்தால் போதும்.

டார்னிங் இங்கே கெடுதல். கிழிசலைச் சுற்றியுள்ள பட்டும் அதே அளவு நைந்திருக்கும். புதுத் தையலின் இழுப்பு பக்கத்திலேயே அடுத்த கிழிசலைத் திறக்கும். ஃபியூசிங் அதைவிட மோசம்: பசை நாளாக ஆக மஞ்சளாகி இறுகும், பிரிக்கப் போனால் பட்டும் கூடவே வரும். மெல்லிய பட்டு ஆர்கன்சாவை அதே நிறத்துக்குச் சாயமேற்றி, சாயம் விடாத வரை அலசி, கிழிசலைவிடச் சுற்றிலும் 3 முதல் 4 செ.மீ. பெரிதாக வெட்டி அடியில் கொடுங்க. பிரிந்த இழைகளை நேராகப் படுக்க வைத்து, ஒற்றைப் பட்டு இழையால் 5 மி.மீ. இடைவெளியில் குறுக்கே மேலோட்டமாகப் பிடிக்கணும். தையல் நல்ல துணியில் தொடங்கி நல்ல துணியில் முடியணும். இதற்குப் பிறகு அந்தச் சேலையைக் கட்டக் கூடாது.

கட்டியே ஆகணும் என்றால் பார்சிகளிடம் பழைய வழி ஒன்று உண்டு: பார்டரை (அவர்கள் 'கோர்' என்பார்கள்) வெட்டி எடுத்துப் புதுச் சேலையில் வைத்துத் தைப்பது. தரைத்துணி (பூவேலைக்கு அடியிலுள்ள பட்டு) முழுக்கப் போன சேலைக்குத்தான் அது சரி. உங்களுடையது அந்த நிலையில் இல்லை.

வைக்கும் முறை: 10 செ.மீ. விட்டமுள்ள அட்டைக் குழாய்மேல் அலுமினிய ஃபாயில், அதன்மேல் துவைத்த காடாத்துணி. பூவேலை வெளிப்பக்கம் வர உருட்டி, மேலே இன்னொரு காடாத்துணி. கஞ்சி போட்ட துணி ஆகாது, கஞ்சிக்கு வெள்ளிமீன் பூச்சி வரும். பிளாஸ்டிக் கவரில் ஈரம் அடைந்து பூஞ்சை பிடிக்கும். பாச்சை உருண்டை பட்டைத் தொடக் கூடாது. கடலைப் பார்த்த சுவரை ஒட்டி பீரோ வேண்டாம், அடித்தட்டும் வேண்டாம்.

மஞ்சக்குப்பம்_தையல்

ஆரியில் எடுத்தால் அது காரா ஆகாது. ஆரி ஊசி போடுவது சங்கிலித் தையல். காரா, 19ஆம் நூற்றாண்டில் சீன வணிகத்துக்குப் போன பார்சிகள் அங்குள்ள கேன்டன் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த வேலை. சாட்டின் தையல் (நூலை நெருக்கமாக அடுக்கி நிரப்புவது), லாங் அண்ட் ஷார்ட் (நீளமும் குட்டையுமாக மாற்றி மாற்றி நிரப்புவது), காகா என்கிற குட்டி முடிச்சு எல்லாமே கை ஊசி. ஆரிக்குத் துணியை இழுத்துக் கட்டும் ஸ்டாண்டு மட்டும் அப்படியே உதவும். ஆளைப் பொறுத்தவரை, புதுச்சேரியில் க்ளூனி மையம் மாதிரி இடங்களில் லினனில் கை எம்பிராய்டரி பழகியவர்களைத் தேடுங்க. சாட்டின் தையல் அவர்கள் விரலில் ஏற்கெனவே இருக்கும்.

நூல் முறுக்கில்லாத பட்டு இழையாக இருக்கணும். அதைப் பிரித்து, நுணுக்கமான இடத்துக்கு ஒரு பிரி, பெரிய இதழுக்கு இரண்டு. ஊசி 10 அல்லது 12ஆம் எண், நூல் நீளம் 40 செ.மீ.க்கு மேல் போனால் பாதியிலேயே பிசிறும். சொரசொரப்பான விரல் பட்டாலும் பிசிறும், அதனால் சர்க்கரையும் எண்ணெயும் தேய்த்து, சோப்பு போட்டு எண்ணெய் முழுக்கப் போகக் கழுவிவிட்டு உட்காரணும்.

துணிக்கு நல்ல கனமுள்ள பட்டுக் கிரேப். ஜார்ஜெட் நழுவும், பழகாத கைக்கு வேண்டாம். முதலில் தண்ணீரில் ஊறவைத்துச் சுருக்கிவிடுங்க. வேலை முடியும்போது இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், 20 செ.மீ. கூடுதலாக எடுங்க.

புதிய கைகள் தவறுவது இரண்டு இடத்தில். இதழுக்கும் இதழுக்கும் நடுவே அரை மி.மீ. தரைத்துணி தெரிய விடணும். அந்தக் கோடுதான் பூவுக்கு உருவம் கொடுக்கிறது. நம்மவர்கள் அதன்மேல் ஒரு அவுட்லைன் போட்டு மூடிவிடுவார்கள், பூ தட்டையாகிவிடும். அடுத்தது தையலின் சாய்வு: இலையில் நடு நரம்பை நோக்கி இரு பக்கமும் சாயணும், கொக்கின் இறகில் ஒவ்வொரு இறகுக்கும் திசை மாறும். பட்டின் பளபளப்பு அந்தத் திசையால் வருவது. 8 மி.மீ.க்கு மேல் அகலமான இதழில் சாட்டின் போட்டால் நூல் தொங்கி மாட்டிக்கொள்ளும், அங்கே லாங் அண்ட் ஷார்ட். சுருக்கம் விழுந்தால் நூலை இறுக்கி இழுக்கிறார்கள், இல்லை ஃப்ரேமில் துணி தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மழைக்காலத்தில் தினமும் காலையில் இழுத்துக் கட்டணும்.

நூல்கண்டு_புதுவை

மிக்க நன்றி இருவருக்கும். கடையில் 'சில்க் த்ரெட்' என்று தருவது இதற்கு ஆகுமா? டிசைனை எப்படி எடுப்பது? மேலே டிரேஸ் பேப்பர் வைத்து வரையலாமா?

மஞ்சக்குப்பம்_தையல்

சில்க் த்ரெட் என்று விற்பதில் பெரும்பாலும் விஸ்கோஸ்தான். ஒரு இழையைக் கொளுத்துங்க. காகிதம் மாதிரி எரிந்தால் விஸ்கோஸ், முடி கருகும் வாசனையும் நொறுங்கும் கரிமணியும் வந்தால் பட்டு. ஆரம்பப் பயிற்சிக்கு விஸ்கோஸ் போதும், சேலைக்கு வேண்டாம்.

பழைய சேலைமேல் நேராக வரையாதீங்க, பென்சில் அழுத்தமே கிழிக்கும். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, நேர் மேலிருந்து போட்டோ எடுத்து, உண்மை அளவில் பிரின்ட் போட்டு அதிலிருந்து டிரேஸ் எடுங்க. பின்பக்கத்தையும் கட்டாயம் எடுங்க: வெயில் படாத நிறம் அங்கேதான் இருக்கும், நூல் எங்கே தொடங்கி எங்கே தாவியது என்பதும் தெரியும். நிறத்தைப் பின்பக்கத்தோடு ஆங்கர் கம்பெனி நூல் நிறங்களின் ஷேட் கார்டை வைத்து எண் குறித்துக்கொள்ளுங்க. புதுத் துணிக்கு மாற்றுவது நீங்கள் ஆரிக்குச் செய்கிற அதே முறைதான்: கோட்டின்மேல் ஊசியால் குத்திய பேப்பரை வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த ஜிங்க் ஒயிட் பொடியைத் தேய்ப்பது. மண்ணெண்ணெயைக் குறைவாகத் தொடுங்க, கிரேப்பில் பரவும்.

முதல் மாதிரிக்குக் கொக்கு வேண்டாம். காந்தா-பப்பேட்டா, அதாவது வெங்காயம்-உருளைக்கிழங்கு என்று பெயர் வைத்த வட்டப் புள்ளி டிசைன் எடுங்க. வட்டத்தின் விளிம்பு ஒழுங்காக வராதவர் கையில் இறகு வராது.

தவிட்டு_நிறம்

ஒன்று சேர்க்கிறேன். பார்சிப் பெண்கள் குஜராத்திப் பாணியில், முந்தானை வலது தோளிலிருந்து முன்னால் விழும்படி கட்டுகிறவர்கள். பறவைகள் எந்தப் பக்கம் தலைகீழாக வரும், எந்த பார்டர் முன்னால் தெரியும் என்பதெல்லாம் அந்தக் கட்டுக்கு ஏற்றபடி வைத்தது. வாங்குபவர் நம் பாணியில் கட்டுவார் என்றால், டிரேஸ் போடும் முன் வெறும் துணியைக் கட்டவைத்து, கொசுவத்துக்குள் போகும் பகுதியைச் சாக்பீஸால் குறித்துவிடுங்க. அங்கே வேலையைக் குறைத்தால் கூலியும் குறையும், எடையும் குறையும்.

பார்சிப் பண்பாட்டைக் காக்க டெல்லியிலுள்ள பார்சோர் அமைப்பு 1999இல் யுனெஸ்கோ ஆதரவோடு தொடங்கியது, காரா தையலுக்குப் பயிற்சி முகாம்களும் நடத்தியிருக்கிறது. சந்தேகம் வரும் தையலுக்குப் போட்டோவோடு அவர்களுக்கு எழுதிக் கேட்கலாம்.