பங்குனி ஆமைக் குஞ்சுகளுக்காக ஓர் உதவி

வணக்கம் நண்பர்களே. நாகப்பட்டினம் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் இருக்கிறேன். தை பிறந்தால் எங்கள் கரையில் பங்குனி ஆமைகள் என்ற கடலாமைகள் முட்டையிட வந்துவிடும். ஒரு குழியில் 100 முட்டைக்கு மேல்கூட இருக்கும். ஏழு வாரம்போல ஆனால் குஞ்சு பொரிக்கும்.

போன வாரம் விடியற்காலை, சாலையோர விளக்குக் கம்பத்தடியில் 16 குஞ்சுகளைப் பொறுக்கினோம். எங்கே வெளிச்சமோ அங்கேதான் கடல் என்று நகரும் உயிர்கள். உள்ளங்கையில் வைத்தால் மணல் ஒட்டிய துடுப்பை விடாமல் அடிக்கின்றன. நான்கு காய்ந்தே போயிருந்தன. மனசு ஆறவில்லை.

சென்னையில் மாணவர்கள் 1988 முதல் இரவிரவாகக் கரையில் நடந்து முட்டைகளைக் காக்கிறார்கள். இங்கே நாங்கள் ஐந்தே பேர். வனத்துறை அனுமதியில்லாமல் முட்டையைத் தொடக்கூடாது, சரி. ஆனால் விளக்கை என்ன செய்வது? மொத்தமாக அணைத்தால் அதிகாலையில் மீன் எடுக்கப் போகும் பெண்களுக்குச் சிரமம். அவர்கள் சொல்வதும் நியாயம்தானே.

உங்கள் ஊரில் கடல் பக்கம் மட்டும் விளக்குக்கு மறைப்பு போட்டதுண்டா? சிவப்பு விளக்காக மாற்றியதுண்டா? மனுவை யாரிடம் கொடுத்தீர்கள்? அப்புறம், இரவு நடைக்குப் பழகியவர்கள் இரண்டு நாள் வந்து எங்கள் பையன்களுக்குச் சொல்லித்தர முடியுமா? தங்க இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.