சென்ரல் மைதானத்தில் முதலாம் நாள்

குழு: எங்கட வீட்டார்

புதன், இரவு

பெரியம்மா: தம்பி, நாளைக்கு எத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறீர்கள்? அகரனுக்கு இடியப்பம் அவிக்கவா, பாண் போதுமா?

சித்தப்பா: இடியப்பம் என்றால் இன்னும் இரண்டு தட்டுக் கேட்பான் அண்ணி. எட்டு மணிக்கு வெளிக்கிட்டால் சரி. கிரிக்கெட் ஆட்டம் தொடங்குமுன் என் பள்ளி சென்ரலை மகனுக்குச் சுற்றிக் காட்ட வேண்டும். 1986இல் படலையால் வெளியே வந்தவன், நாளைக்குத்தான் திரும்ப உள்ளே போகிறேன்.

நான்: சித்தப்பா, படம் எடுத்துப் போடுங்கள். லண்டனில் விடியுமுன்னே எழும்பிப் பார்ப்பேன்.

மாமா (கொழும்பு): மச்சான், என்னால் இந்த முறை வர முடியவில்லை. லீவு கிடைக்கவில்லை. என் பள்ளி பரியோவானுக்காக அங்கே கை தட்ட நீதான் இருக்கிறாய், ஒரு பவுண்டரிக்காவது தட்டிவிடு.

சித்தப்பா: நல்லாய் ஆடினால் தட்டுவேன் மச்சான். அது எப்போதும் உள்ளதுதானே.

அகரன்: அக்கா, இது ஏன் வடக்கின் பெரும் போர்? ஒரு ஸ்கூல் மேட்ச்தானே?

மாமா (கொழும்பு): மருமகனே, 1904இல் தொடங்கிய ஆட்டம் இது. சென்ரல் என்கிற யாழ் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மூன்று நாள் மோதும். உன் அப்பாவின் அப்பாவும் பார்த்திருக்கிறார். யுத்தத்தால் சில வருடங்கள் நடக்கவில்லை, ஆனால் ஒருவரும் விட்டுவிடவில்லை. நாளைக்குப் போய்ப் பார், பிறகு நீயே சொல்.

வியாழன், காலை

சித்தப்பா: வந்துவிட்டோம். மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலேயே மேளச் சத்தம் கேட்டது. பொடியன்கள் லொறியில் கொடியோடு சுற்றுகிறார்கள். நாங்கள் சைக்கிளில் சுற்றினோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரியம்மா: எங்கட வேம்படி மகளிர் பள்ளி வாசலுக்கும் வருவீர்களே. எங்களை வெளியே விட மாட்டார்கள். பக்கத்துப் பள்ளி என்பதால் வகுப்பில் இருந்தபடியே சத்தத்தைக் கேட்டுத்தான் விக்கெட் எண்ணுவோம். நீளமாக இழுத்துக் கத்தினால் பவுண்டரி. படக்கென்று வெடித்தால் விக்கெட். கணக்கு ரீச்சருக்கும் அது தெரியும், அந்த நேரம் மட்டும் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்பா.

நான்: பெரியம்மா, இதை நீங்கள் இதுவரை சொன்னதே இல்லையே!

பெரியம்மா: கேட்டால்தானே பிள்ளை சொல்வது.

சித்தப்பா: வெள்ளை நீளக் காற்சட்டை, ரை கட்டின ஒரு மாணவர் தலைவன் எங்களைக் கூட்டிக்கொண்டு போனான். பதினெட்டு வயதுதான் இருக்கும். "ஐயா எந்த வருட பட்ச்?" என்று கேட்டான், சொன்னேன். உடனே அதிபரின் அறைக்குப் போய் வருகைப் புத்தகத்தை எடுத்து வந்து, பேனையை மூடி கழற்றி என் கையில் தந்தான். என் பெயரை எழுதிய பிறகு வருடத்தை எழுதக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சித்தப்பா: கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த பள்ளி என்பதால் யுத்தத்தில் அடிபட்டு, நான் தேடிப் போன கட்டடங்களில் பல இல்லை. இடம்பெயர்ந்து வேறு இடத்தில் நடத்திப் பிறகுதான் திரும்பி வந்தார்கள். என் வகுப்பு இருந்த இடத்தைக் காலால் அளந்துதான் அகரனுக்குக் காட்டினேன்.

அகரன்: அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு யாழ் பொது லைப்ரரியைக் காட்டினார். 1981 யூன் முதலாம் திகதி எரித்தபோது 97,000 புத்தகம் போனதாம். அப்பாவுக்கு அப்போது 11 வயது. மைதானத்தில் இருந்து நடந்தே போகலாம், அவ்வளவு கிட்ட.

மாமா (கொழும்பு): நாவலரைப் பற்றிச் சொன்னாயா மச்சான்? அதைச் சொல்லாமல் சென்ரலைக் காட்டக் கூடாது. பரியோவான் பொடியன் நானே சொல்கிறேன்.

சித்தப்பா: அதற்குத்தான் வருகிறேன். எல்லாரும் வாசியுங்கள், கொஞ்சம் நீளம். 1816இல் வெஸ்லியன் மிசனரிமார் தொடங்கிய பள்ளி இது. 1834இல் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் காலத்தில் சென்ரல் என்ற பெயர் வந்தது. நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் இங்கேதான் ஆங்கிலம் படித்தார், படித்த பள்ளியிலேயே ஆசிரியரும் ஆனார். பேர்சிவல் பைபிளைத் தமிழில் பெயர்க்க எடுத்தபோது பக்கத்தில் இருந்து தமிழைச் செப்பனிட்டது நாவலர். விபூதி பூசின சைவர் அவர். 1848இல் வேலையை விட்டு, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பைபிள் 1850இல் அச்சானது.

நான்: கொள்கையில் எதிரும் புதிருமாக இருந்தவர்கள் எப்படி அத்தனை வருடம் ஒன்றாக இருந்து வேலை செய்தார்கள் சித்தப்பா?

சித்தப்பா: தமிழ் பிழையாக வரக்கூடாது என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம் என்றுதான் நான் நினைக்கிறேன். பாதிரியார் பள்ளிகள் பாடம் நடத்தின முறையைப் பார்த்துப் பழகித்தான் நாவலர் பாலபாடம் என்ற தன் பாடப் புத்தகத்தையும் எழுதியிருப்பார். இதை எனக்கு எட்டாம் வகுப்பில் ஒரு தமிழ் வாத்தியார் சொன்னார். நான் இன்றைக்கு அகரனுக்குச் சொல்லிவிட்டேன், அது போதும்.

மாமா (கொழும்பு): எங்கள் பள்ளியும் நல்லூரில்தான் தொடங்கியது, 1823இல், யோசப் நைற் பாதிரியார் காலத்தில். பிறகுதான் சுண்டிக்குளிக்கு வந்தது. அகரன், நாளைக்கு அப்பாவை அங்கேயும் கூட்டிப் போ. மரங்களைப் பார்.

வியாழன், பின்னேரம்

நான்: அகரன், சத்தத்தையே காணோம். எங்கே நிற்கிறாய்?

அகரன்: அக்கா, நான் ஸ்கோரர் மேசையில்! இங்கே இரண்டு பேர். ஒருவன் சென்ரல், மற்றவன் பரியோவான். இரண்டு பேருக்கும் தனித்தனிப் புத்தகம், ஆனால் ஒரே மேசை. நடுவர் கையைக் காட்டினால் இரண்டு பேரும் கையைத் தூக்கிப் பார்த்தோம் என்று காட்ட வேண்டும். ஓவர் முடிந்ததும் ஒருவன் தன் கணக்கைச் சொல்வான், மற்றவன் தன் புத்தகத்தில் பார்த்து "ஓம்" என்பான். அதற்குப் பிறகுதான் அடுத்த வரி.

அகரன்: ஒரு தரம் கணக்கு ஒன்றால் இடித்தது. மட்டையில் படாமல் உடம்பில் பட்டு வந்த லெக் பை ஓட்டம் ஒன்றைப் பரியோவான் பொடியன் துடுப்பாட்டக்காரன் கணக்கில் போட்டுவிட்டான். அது அவனுடைய பள்ளி ஆள் எடுத்த ஓட்டம், ஆனால் அவனே அழிறப்பரை எடுத்து அழித்தான். வெளியே மேளம் காதைக் கிழிக்கிறது, இவர்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்து எண்ணுகிறார்கள்.

மாமா (கொழும்பு): 🙏 அந்தப் பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லு.

அகரன்: சொல்கிறேன் மாமா. எனக்கும் ஒரு பென்சில் சீவித் தந்தான். பந்து வீசினவன் ஓட்டமே கொடுக்காத மெயிடன் ஓவருக்குப் புள்ளிகளைச் சேர்த்து எம் எழுத்துப் போட வேண்டுமாம். ஒன்றை நான் போட்டேன்!

சித்தப்பா: கச்சான் வாங்கித் தருகிறேன் வா என்றேன், அசையவில்லை. நான் பழைய மாணவர் கொட்டிலில் இருக்கிறேன். என்னோடு படித்த மூன்று பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒருவனை அவன் சிரிப்பை வைத்துத்தான் பிடித்தேன். தலைமுடி ஒன்றும் இல்லை.

பெரியம்மா: சந்தோசம் தம்பி. பிள்ளை மத்தியானம் என்ன சாப்பிட்டான்?

அகரன்: ரோல்ஸ் ஒன்று பெரியம்மா. அவர்கள் இருவரும் சாப்பாட்டு இடைவேளையிலும் கணக்குப் பார்த்தபடி பணிஸ் மட்டும் தின்றார்கள். நாளைக்கும் நான் வரலாமா என்று கேட்டேன், வரச் சொன்னார்கள்.

பெரியம்மா: அப்ப விடியப் புட்டு அவிக்கிறேன். முட்டைப் பொரியலும் வைக்கிறேன். மூன்று பார்சல் கட்டவா?

அகரன்: ஓம் பெரியம்மா. மூன்று.